கருந்துளைத் தாரைகளின் ஒளிர்வு மாற்றம்: நிறையின் காலமும் தாரையின் காலமும்

வினாவும் அதன் எல்லையும்

கருந்துளையை நோக்கி ஈர்க்கப்படும் வளிமம் நேராக அதற்குள் விழுந்துவிடுவதில்லை. தன் சுழற்சியைச் சிறுகச் சிறுக இழந்தபடி கருந்துளையைச் சுற்றித் தட்டையான வட்டாகத் திரண்டு, மையத்தை நெருங்க நெருங்க உராய்வால் சூடேறி, கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புறஊதாக் கதிர், எக்ஸ் கதிர் ஆகியவற்றை உமிழ்கிறது. இதனைத் திரள்வட்டு என்பர். வட்டோடு சேர்ந்து சுழலும் காந்தப்புலம் மையத்தருகே முறுக்கேறி, விழவேண்டிய பொருளில் ஒரு பகுதியை வட்டின் இருபுறமும் செங்குத்தாக, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வீசியெறிகிறது. ஒடுங்கிய கற்றையாக நெடுந்தொலைவு பாயும் இந்த ஓட்டமே தாரை எனப்படுகிறது. 1918இல் ஹீபர் கர்டிஸ் என்ற அமெரிக்க வானியலர், எம் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் ஒளிப்படத்தில் மையத்திலிருந்து நேராக நீளும் கதிர் ஒன்றைக் குறித்துவைத்தார். அது கருந்துளையொன்றின் தாரை என்பது விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

தாரை வீசும் கருந்துளைகள் அளவில் பெரிதும் வேறுபடுகின்றன. ஒருமுனையில், நம் பால்வழி மண்டலத்துக்குள்ளேயே இணை விண்மீனிடமிருந்து வளிமத்தைப் பறித்து வாழும், சூரியனைப்போல் பத்து மடங்கு நிறை கொண்டவை உள்ளன. மறுமுனையில், தொலைதூர மண்டலங்களின் மையங்களில் சூரியனைப்போல் ஆயிரம் கோடி மடங்கு நிறை கொண்டவை அமர்ந்திருக்கின்றன. இவ்விரு முனைகளுக்கிடையே நிறை வேறுபாடு நூறு கோடி மடங்கு. எனினும் இவற்றின் தாரைகள் உருவமைப்பில் வியக்கத்தக்க ஒற்றுமை கொண்டவை. ஒன்றும் நிலையான ஒளியோடு இருப்பதில்லை என்பதும் அவற்றின் பொதுப்பண்பு. அவ்வாறாயின், ஒளிர்வு ஏறி இறங்கும் வேகம் கருந்துளையின் நிறையைப் பின்பற்றுகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் வினா. பின்பற்றுமாயின், எட்டாத் தொலைவிலுள்ள கருந்துளையின் நிறையை அதன் ஒளி மாறும் காலத்தைக்கொண்டே மதிப்பிட இயலும். பின்பற்றாதாயின், தாரைக்கு அதைப் பெற்ற கருந்துளையைச் சாராத தனி இயல்பு உண்டென்று கொள்ளவேண்டிவரும். இதுவரை கிடைத்துள்ள சான்றுகளைத் தொகுத்து நோக்கினால், தாரையின் ஒளிர்வில் இரண்டு வகைக் காலங்கள் கலந்திருப்பதும், எதை அளந்தோம் என்று தெரியாமல் நிறையைப் பற்றிப் பேசுவது பிழையில் முடிவதும் புலனாகும்.

ஒளிர்வை அளந்த வரலாறு

மாற்றத்தைப் பற்றிப் பேசப் பொது அளவுகோல் வேண்டும். ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு என்பது ஒளிர்வில் சரியாக நூறு மடங்கு வேறுபாட்டைக் குறிக்கவேண்டும் என்று 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். இன்றும் உலகெங்கும் வழங்குவது அவ்வரையறையே. அவர் 1861 முதல் 1891இல் மறையும்வரை சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வகத்தில் அரசு வானியலராகப் பணியாற்றினார். அங்கு அவருக்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் ஒளிர்வு மாறுவதை 1867இல் கண்டறிந்தார். ஒரே பொருளை இரவுதோறும் நோக்கி, அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டுத் தரத்தைக் குறித்துக்கொண்டு போகும் அந்த முறைதான், கருவிகள் மாறினாலும், தாரைகளின் ஆய்வுக்கும் அடிப்படையாயிற்று.

ஒளிர்வு மாறும் விண்மீன் என்று கருதிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று விண்மீனே அன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. 1929இல் குனோ ஹோஃப்மைஸ்டர் கண்ட பி.எல். லாசெர்டே, 1968இல் வலிமையான ரேடியோ மூலமொன்றோடு அடையாளம் காணப்பட்டது. அது தொலைதூர மண்டலமொன்றின் மையம். அதன் தாரை ஏறக்குறைய நேராக நம்மை நோக்கிப் பாய்கிறது. இவ்வாறு தாரையின் வாய்முகம் நம் பக்கம் திரும்பியுள்ள மண்டல மையங்களுக்குப் பிளேசார் என்று பெயர்.

ஓர் ஒளிமூலத்தின் ஒளிர்வைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிவளைவு. அதில் நொடிக்கணக்கான துடிப்பு எவ்வளவு, நாள்கணக்கான ஏற்ற இறக்கம் எவ்வளவு, ஆண்டுக்கணக்கான அலைவு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது திறன் நிறமாலை. கருந்துளை சார்ந்த மூலங்களில் மெதுவான மாற்றங்கள் பெரியனவாகவும் விரைவானவை சிறியனவாகவும் இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கால அளவுக்கு மேல் போனால், மாற்றத்தின் வீச்சு மேலும் வளராமல் நின்றுவிடும். அந்தத் திருப்பத்தைத் தணிவுக் காலம் என்பர்; எளிதாகச் சொன்னால், தன் முந்தைய நிலையை அம்மூலம் முற்றிலும் மறந்துவிட எடுத்துக்கொள்ளும் காலம் அது.

நிறை வகுக்கும் காலம்

கருந்துளையின் விட்டம் அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் வளர்வது பொதுச் சார்பியலின் முடிவு. ஆகவே ஒளி அதன் ஈர்ப்பு ஆரத்தை, அதாவது சுழலாத கருந்துளையின் விட்டத்தில் கால்பங்கை, கடக்கும் நேரமும் நிறைக்கு நேர்விகிதத்தில் கூடும். ஒரு சூரிய நிறைக்கு அந்த நேரம் நொடியின் 10 லட்சத்தில் ஏறத்தாழ 5 பங்கு. 10 சூரிய நிறைக்கு நொடியின் 10 லட்சத்தில் 50 பங்கு. பால்வழியின் மையத்தில் உள்ள 43 லட்சம் சூரிய நிறைக் கருந்துளைக்கு 21 நொடி. 10 கோடி சூரிய நிறைக்குச் சுமார் 8 நிமிடம். 650 கோடி சூரிய நிறை கொண்ட எம் 87க்கு ஏறக்குறைய 9 மணி நேரம். சுழலாத கருந்துளையைச் சுற்றி வளிமம் நிலையாகச் சுற்றக்கூடிய கடைசிப் பாதையில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், அந்தந்த நிறைக்கு மேலே சொன்ன நேரத்தைப்போல் 92 மடங்கு. பத்து சூரிய நிறைக்கு அது நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவு, எம் 87க்கோ ஒரு மாதத்துக்கும் மேல்.

எந்தப் பொருளும் தன் முழு உடலையும் ஒளி கடக்கும் நேரத்தைவிட விரைவாகத் தன் ஒளிர்வை ஒருங்கே மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், இந்நேரங்கள் ஒரு கீழெல்லையைத் தருகின்றன. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே ஒரே அலையில் நெட்டுக்குப்பத்து ஃபைபர் படகு விரைந்து விரைந்து ஆட, காமராசர் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல் நிதானமாகச் சாய்ந்து நிமிர்வதைப்போல, சிறிய கருந்துளை விரைவாகவும் பெரியது மெதுவாகவும் மாறவேண்டும் என்பதே இதிலிருந்து எழும் எதிர்பார்ப்பு. திரள்வட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் மெய்யாகிறது. தாரையைப் பொறுத்தவரை, கப்பல் படகைப்போல் ஆடும் நேரங்களும் உண்டு. ஆய்வின் சிக்கல் முழுவதும் அங்கேதான் அடங்கியிருக்கிறது.

சிறியவை: நிமிடத்தில் முடியும் நாடகம்

விண்மீன் நிறையுள்ள கருந்துளைகளில் மிக விரிவாக ஆராயப்பட்டது ஜி.ஆர்.எஸ். 1915+105. சோவியத் நாடு ஏவிய கிரனாட் விண்கலம் 1992 ஆகஸ்டில் இதைக் கண்டது. 1994இல் ஃபெலிக்ஸ் மிராபெல், லூயிஸ் ரோட்ரிகஸ் இருவரும் இதன் தாரையிலுள்ள ரேடியோ முடிச்சுகள் ஒளியைவிட விரைவாக நகர்வதுபோல் தோன்றுவதை வெளியிட்டனர். நம்மை நோக்கிச் சாய்வாகப் பாயும் பொருள் தான் உமிழ்ந்த ஒளியையே துரத்திக்கொண்டு வருவதால் ஏற்படும் இத்தோற்றம் அதற்குமுன் குவேசார் முதலிய ஒளிமிக்க தொலைதூர மண்டல மையங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. இவ்வகை மூலங்களைக் குறுங்குவேசார் என்பர். இதன் கருந்துளை நிறை சூரியனைப்போல் 12 மடங்கு அளவில் உள்ளது; தொலைவு ஏறத்தாழ 28,000 ஒளியாண்டு.

இதன் ஆய்வில் இந்தியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. வடசென்னைக் கடற்கரையில் வாழ்வோர் வடக்கு வானில் புகைத்தடமாகக் காணப் பழகிய ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல்களுள் மூன்று இவ்வினாவோடு நேரடித் தொடர்புடையவை. முதலாவது, 1996 மார்ச் 21 அன்று பி.எஸ்.எல்.வி. டி3 ஏவூர்தியில் சென்ற ஐ.ஆர்.எஸ். பி3. நிலத்தை நோக்கும் அந்தச் செயற்கைக்கோளில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் இஸ்ரோவும் அமைத்த எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றும் இடம்பெற்றிருந்தது. பி. சி. அகர்வால், ஏ. ஆர். ராவ் உள்ளிட்ட குழுவினர் அதைக்கொண்டு இக்கருந்துளையில் ஏறத்தாழ 45 நொடிக்கு ஒருமுறை எழும் எக்ஸ் கதிர் வெடிப்புகளைப் பதிவுசெய்தனர். அவ்வெடிப்புகள் மெதுவாக ஏறிச் சடுதியில் இறங்கின; வட்டின் உட்பகுதிப் பொருள் ஒரேயடியாக நிகழ்வு எல்லைக்குள், அதாவது ஒளியும் திரும்ப முடியாத எல்லைக்குள் மறைவதன் அடையாளமாக இருக்கலாம் என்று அவர்கள் அதற்குப் பொருள் கண்டனர். இரண்டாவது, 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட். புறஊதா முதல் வன்மையான எக்ஸ் கதிர் வரை ஒரே பொருளை ஒரே வேளையில் நோக்கும் திறன் அதன் சிறப்பு. மூன்றாவது, 2024 ஜனவரி 1 அன்று சென்ற எக்ஸ்போசாட். அதைப் பற்றிப் பின்னர்க் காணலாம்.

ஜி.ஆர்.எஸ். 1915+105இல் வட்டுக்கும் தாரைக்கும் உள்ள உறவு கண்ணெதிரே நடப்பதுபோல் தெரிந்தது. 1997இல் எக்ஸ் கதிர், அகச்சிவப்பு, ரேடியோ ஆகிய மூன்றிலும் ஒருங்கே நோக்கியபோது, எக்ஸ் கதிர் திடீரென மங்கி ஒரு கூர்முனையோடு மீள, அதைத் தொடர்ந்து அகச்சிவப்பும், சில நிமிடங்கள் தாமதித்து ரேடியோவும் பொலிந்தன. வட்டின் உட்பகுதி காலியாகி நிரம்புவதும், வெளியேறிய பொருள் தாரையாக விரிந்து முதலில் குறுகிய அலையிலும் பிறகு நீண்ட அலையிலும் ஒளிர்வதும் இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டன. இந்நிகழ்ச்சி ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை நிகழ்ந்தது. நேர்விகித விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால், 100 கோடி சூரிய நிறையுள்ள குவேசாரில் இதே நிகழ்ச்சி ஒருமுறை நடந்துமுடிய ஏறக்குறைய 4,600 ஆண்டுகள் ஆகவேண்டும். குறுங்குவேசாரை நோக்குவதன் பயன் இதனால் விளங்கும்.

இன்னும் குறுகிய காலத்தை வி404 சிக்னி காட்டியது. சூரியனைப்போல் 9 மடங்கு நிறையுள்ள இக்கருந்துளை 2015 ஜூனில் விழித்தெழுந்தபோது, போஷக் காந்தி தலைமையிலான குழு அதன் எக்ஸ் கதிரையும் கட்புல ஒளியையும் ஒரே வேளையில் அளந்து, எக்ஸ் கதிரில் தோன்றிய துடிப்பு நொடியில் பத்திலொரு பங்கு தாமதத்தில் கட்புல ஒளியில் தோன்றுவதைக் கண்டது. வட்டின் அண்டையிலிருந்து புறப்பட்ட பொருள் தாரையில் ஒளிரத் தொடங்கும் இடம் 30,000 கிலோமீட்டர் அளவு தொலைவுக்குள் இருக்கிறது என்பது இதன் பொருள். இதே தொலைவை நிறைக்கேற்பப் பெருக்கினால், எம் 87இல் அந்தத் தாமதம் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் வரும்.

பெரியவை: எதிர்பாராத வேகம்

மண்டல மையங்களில் வட்டும் தாரையும் இணைந்தே இயங்குகின்றன என்பதற்கு 3சி 120 சான்று. ஆலன் மார்ஷர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இம்மண்டல மையத்தின் எக்ஸ் கதிர் மங்கும்போதெல்லாம் சில வாரங்கள் கழித்துத் தாரையில் புதிய ஒளிமுடிச்சு ஒன்று புறப்படுவதைக் காட்டினர். அது குறுங்குவேசாரில் கண்ட அதே வரிசை. ஆனால் 3சி 120இன் கருந்துளை சுமார் ஐந்தரைக் கோடி சூரிய நிறை கொண்டது, ஜி.ஆர்.எஸ். 1915+105இன் அரைமணி நேரத்தை இந்நிறைக்கேற்பப் பெருக்கினால் 250 ஆண்டு வரவேண்டும், நோக்கியதோ ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவில். ஆகவே இரண்டிலும் நடப்பது ஒரே வகை நிகழ்ச்சியாயினும் ஒரே நிகழ்ச்சி அன்று எனக் கொள்ளவேண்டும். வட்டின் வெவ்வேறு ஆழங்களில் வெவ்வேறு கால அளவுள்ள குலைவுகள் எழலாம், அவற்றுள் எது எதற்கு இணை என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே நிறைவிகிதத்தைப் பொருத்த இயலும்.

நேர்விகித எதிர்பார்ப்பை மேலும் கடுமையாக உலுக்கியவை காமாக் கதிர்ப் பொலிவுகள். 2006 ஜூலை 28 இரவில், நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் பி.கே.எஸ். 2155-304 என்னும் பிளேசாரின் ஒளிர்வு மூன்று நிமிட அளவில் இருமடங்காவதைக் கண்டன. அதன் கருந்துளை நூறு கோடி சூரிய நிறை அளவினதாகக் கருதப்படுகிறது. அந்நிறைக்கு ஒளி கடக்கும் நேரமே 80 நிமிடத்துக்கு மேல். 2012 நவம்பர் 12-13 இரவில், கேனரித் தீவுகளிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் ஐ.சி. 310 மண்டலத்தில் 5 நிமிடத்துக்கும் குறைந்த மாற்றத்தைக் கண்டன. 30 கோடி சூரிய நிறையுள்ள அக்கருந்துளையை ஒளி கடக்க 20 நிமிடத்துக்கும் மேலாகும். முழுக் கருந்துளையைவிடச் சிறிய ஏதோ ஒன்று அங்கே பொலிந்து அடங்கியது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை.

பார்வைக் கோணம் செய்யும் மாயம்

இம்முரணின் ஒரு பகுதியைத் தாரையின் வேகம் தீர்க்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கி நம்மை நோக்கி வரும் மூலத்தில் நடப்பது நமக்குச் சுருங்கிய காலத்தில் தெரியும். அதன் ஒளிர்வும் பன்மடங்கு பெருகித் தெரியும். இவ்விளைவின் அளவை டாப்ளர் காரணி என்ற எண்ணால் குறிப்பர். ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டில் நேராக நம்மை நோக்கிப் பாயும் தாரைக்கு இக்காரணி ஏறக்குறைய 20; அதாவது 20 நாளில் நடப்பது ஒரு நாளில் நடந்ததாகத் தெரியும், ஒளிர்வோ அவ்வெண்ணின் மும்மடிக்குக் குறையாமல், 8,000 மடங்கு அளவில் கூடும். ஆதலால் இரு கருந்துளைகளின் கால அளவை ஒப்பிடுவதற்குமுன் ஒவ்வொன்றின் டாப்ளர் காரணியையும் நீக்கவேண்டும். ஆனால் அக்காரணி நேரடியாக அளக்கக் கிடைப்பதன்று, பெரும்பாலும் ஒளிர்வு மாற்றத்திலிருந்தே மதிப்பிடப்படுவது. வட்டமாகச் சுற்றும் இவ்வாதம் இத்துறையின் நெடுநாளைய பலவீனம்.

பி.கே.எஸ். 2155-304ஐ இவ்வழியில் விளக்கத் தாரையின் வேகத்தை வழக்கத்துக்கு மீறி உயர்த்தவேண்டியிருந்தது. ஐ.சி. 310இலோ தாரை நம்மைவிட்டுச் சற்று விலகிப் பாய்வதால் டாப்ளர் காரணி சிறியது. அவ்வழியும் போதாமல் போயிற்று.

ஒரே விதி உண்டா

இதற்கிடையே, நிறைவிகித விதிக்கு ஆதரவான சான்றுகள் வட்டின் பக்கத்திலிருந்து வலுத்தன. இயன் மெக்கார்டி குழுவினர் 2006இல், எக்ஸ் கதிர்த் திறன் நிறமாலையில் காணும் திருப்பக் காலம், கருந்துளை தன் கொள்ளளவில் எவ்வளவு பங்கை விழுங்குகிறது என்பதைக் கணக்கில் கொண்டால், நிறைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினர். விண்மீன் நிறைக் கருந்துளையும் மண்டல மையக் கருந்துளையும் ஒரே கோட்டில் அமைந்தன. காலின் பர்க் குழுவினர் 2021இல் 67 மண்டல மையங்களின் கட்புல ஒளியை ஆராய்ந்து, தணிவுக் காலம் நிறையின் 0.38 அடுக்கில் வளர்வதாகவும், 10 கோடி சூரிய நிறைக்கு அது 107 நாள் அளவில் இருப்பதாகவும் கண்டனர். இவ்விதியின்படி நிறை 10 லட்சம் மடங்கு கூடினால் காலம் 190 மடங்குதான் கூடும். இரு ஆய்வுகளும் வெவ்வேறு விதிகளைத் தருவது முரண்பாடு அன்று. எக்ஸ் கதிர் வட்டின் உள்விளிம்பிலிருந்தும் கட்புல ஒளி அதன் குளிர்ந்த வெளிப்பகுதியிலிருந்தும் வருவதால், அளக்கப்பட்ட இடங்களே வேறு.

தாரைக்கு இதே சோதனையைச் செய்யத் தொடர்ச்சியான பதிவு தேவைப்பட்டது. 2008 ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி விண்கலம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் காமாக் கதிரில் வருடி அத்தேவையை நிறைவேற்றியது. அப்பதிவுகளில் பிளேசார்களின் தணிவுக் காலத்தைக் கணித்து, குறுங்குவேசார்களின் எக்ஸ் கதிர்ப் பதிவுகளோடு ஒரே வரைபடத்தில் வைத்து 2024இல் வெளியான சீன ஆய்வு, டாப்ளர் விளைவை நீக்கிய பின் இரு வகையும் நிறையோடு சேர்ந்து உயரும் ஒரே போக்கில் அமைவதாகக் கூறுகிறது. இதை ஏற்றால், தாரையின் நெடுங்காலத் துடிப்பு வட்டிலிருந்து பெற்ற மரபுரிமை என்றாகும். ஆனால் வரைபடத்தின் இரு முனைகளும் நிறைந்திருக்க நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருப்பதும், ஒருமுனையில் எக்ஸ் கதிரும் மறுமுனையில் காமாக் கதிரும் அளக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கவை. நெடுந்தொலைவிலுள்ள இரு புள்ளிக்கூட்டங்களை எந்தக் கோடும் இணைத்துவிடும்.

நடுப்பகுதியை நிரப்ப வாய்ப்புள்ளவை சில. தவறி அருகில் வந்த விண்மீனைக் கருந்துளை கிழித்துண்ணும்போது புதிதாகத் தாரை பிறப்பதுண்டு; 2011 மார்ச் 28 அன்று ஸ்விஃப்ட் விண்கலம் கண்ட ஜே1644+57 அத்தகையது. அதன் எக்ஸ் கதிர் 100 நொடி அளவில் மாறியதைக் கொண்டே கருந்துளையின் நிறை ஒரு கோடிச் சூரிய நிறைக்குள் இருக்கவேண்டும் என்று மதிப்பிட்டனர். ஐ.சி. 310 போன்றவற்றில் தாரையின் துடிப்பு கருந்துளையின் அளவைக் காட்டாமல் போயிருக்க, இங்கு மட்டும் அது நிறையைக் காட்டும் என்று எடுத்துக்கொள்வது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

ஓ.ஜே. 287: நிறையைப் பற்றிய வழக்கு

காலத்திலிருந்து நிறையைக் கணிப்பதன் வலிமையையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டுவது ஓ.ஜே. 287. ஏறத்தாழ 350 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்தப் பிளேசாரின் ஒளிர்வு 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே வேறு நோக்கங்களுக்காக எடுத்த ஒளிப்படத் தகடுகளில் தற்செயலாகப் பதிவாகியிருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டைப் பொலிவு தெரிவதாக 1988இல் ஐமோ சில்லன்பா குழுவினர் சுட்டினர். 1,800 கோடி சூரிய நிறையுள்ள பெரிய கருந்துளையை 15 கோடி சூரிய நிறையுள்ள சிறிய கருந்துளை சுற்றிவருவதாகவும், ஒவ்வொரு சுற்றிலும் அது பெரியதன் வட்டை இருமுறை ஊடுருவிக் கிளறுவதாகவும் மௌரி வால்டோனன் குழுவினர் விளக்கினர். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் லங்கேஸ்வர் தே, ஏ. கோபகுமார் ஆகியோர் ஈர்ப்பலை இழப்பையும் சேர்த்துச் சுற்றுப்பாதையைத் துல்லியமாக்க, 2019 ஜூலை 31 அன்று பொலிவு எழும் என்று குறிக்கப்பட்டது. அப்போது சூரியன் குறுக்கிட்டதால் புவியிலிருந்து நோக்க இயலவில்லை. விண்வெளியிலிருந்த ஸ்பிட்சர் தொலைநோக்கி, கணித்த நேரத்துக்கு நான்கு மணி நேர வேறுபாட்டுக்குள் அப்பொலிவைப் பதிவுசெய்தது.

ஆயினும் 2022 அக்டோபரில் எதிர்பார்த்த பொலிவு வரவில்லை. அவ்வேளையில் தொடர்ந்து கண்காணித்த ஸ்டெஃபனி கொமோசா குழுவினர், பெரிய கருந்துளையின் நிறை 10 கோடி சூரிய நிறை அளவினதாகவே இருக்கவேண்டும் என்றனர். இரு கருந்துளை விளக்கத்தை ஆதரிப்போர் அதை ஏற்கவில்லை. இரு மதிப்பீடுகளுக்கும் உள்ள வேறுபாடு 180 மடங்கு. நூற்றாண்டுக்கு மேற்பட்ட பதிவும் நான்கு மணி நேரத் துல்லியமும் இருந்தும் நிறையைப் பற்றிய வழக்கு தீராதிருப்பது, பொலிவில் எந்தப் பங்கு வட்டுடையது எந்தப் பங்கு தாரையுடையது என்பதைப் பிரிப்பதில் உள்ள இடரையே காட்டுகிறது.

துடிப்பின் காரணங்கள்

தாரையின் ஒளிர்வு மாற்றத்துக்கு மூன்று வகை விளக்கங்கள் வழங்குகின்றன. முதலாவது அதிர்வலை. வட்டின் குலைவுக்கேற்பத் தாரைக்குள் பொருள் ஒருகால் விரைவாகவும் ஒருகால் மெதுவாகவும் செலுத்தப்பட, பின்னே புறப்பட்ட விரைவான பகுதி முன்னே செல்லும் மெதுவான பகுதியை எட்டிப்பிடித்து மோதும். மோதுமிடத்தில் மின்னணுக்கள் முடுக்கப்பட்டுக் காந்தப்புலத்தில் சுழன்று ஒளிரும். இவ்வொளிக்குச் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். மாற்றத்தின் விதை வட்டில் இருப்பதால், இவ்விளக்கத்தில் தாரையின் காலம் நிறையைப் பின்பற்றும். இரண்டாவது காந்தக்கோடுகளின் மறுஇணைப்பு. எதிரெதிர்த் திசையிலுள்ள காந்தக்கோடுகள் அறுந்து புதிதாக இணையும்போது ஆற்றல் திடீரென வெளிப்பட்டு, தாரைக்குள்ளேயே அதைவிட விரைவான சிறு தாரைகள் தோன்றும். டிமிட்ரியோஸ் கியானியோஸ் முதலியோர் 2009இல் முன்வைத்த இவ்விளக்கம் நிமிடக்கணக்கான பொலிவுகளைக் கருந்துளையின் அளவோடு முடிச்சிடாமல் விளக்குகிறது. மூன்றாவது கொந்தளிப்பு, தாரையின் எண்ணற்ற சிறு கூறுகள் தனித்தனியே ஒளிர்ந்து அடங்குவதன் கூட்டுவிளைவே துடிப்பு என்பது அது.

இவற்றுள் எது எங்கே நடக்கிறது என்று பிரிக்கத் தளவிளைவு, அதாவது ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும் பண்பு, துணைசெய்கிறது. ஒழுங்கான காந்தப்புலம் மிகுந்த தளவிளைவையும் குழம்பிய புலம் குறைந்த தளவிளைவையும் தரும். நாசாவும் இத்தாலியும் அமைத்த இக்ஸ்பி விண்கலம் 2022இல் மார்க்காரியன் 501 என்னும் பிளேசாரின் எக்ஸ் கதிர் கட்புல ஒளியைவிட இரு மடங்குக்கு மேல் தளவிளைவு கொண்டிருப்பதையும், அதன் திசை தாரைக்கு இணையாக அமைவதையும் அளந்தது. இது அதிர்வலைக்குச் சாதகமான சான்று. ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு கருவி, சிக்னஸ் எக்ஸ்-1இன் வன்மையான எக்ஸ் கதிரில் கண்ட தளவிளைவு, விண்மீன் நிறைக் கருந்துளையில் தாரையின் பங்கை வட்டின் பங்கிலிருந்து பிரிக்க உதவியது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய போலிக்ஸ் கருவியைத் தாங்கிய எக்ஸ்போசாட், இவ்வழியில் இந்தியாவின் அடுத்த படி.

அளவீட்டில் எழும் ஐயங்கள்

காணும் துடிப்பெல்லாம் மூலத்தின் துடிப்பு அன்று. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் அமைத்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, சூரியக்காற்று குறுக்கிடுவதால் தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுங்குவதைப் பல பத்தாண்டுகளாக அளந்துவருகிறது. விண்மீன்களுக்கிடையே உள்ள மின்னேறிய வளிமமும் இதேபோன்ற மினுக்கத்தை ஏற்படுத்துவதால், ரேடியோவில் ஒரு நாளுக்குள் காணும் மாற்றத்தை உடனே தாரையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

கட்புல ஒளியில் வேறு இடர். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வானை மூடிவிடுவதால் அங்கு எடுக்கும் ஒளிவளைவுகளில் ஆண்டுதோறும் இடைவெளி விழும். ஆண்டு ஒழுங்கில் விழும் இடைவெளி, இல்லாத சுழற்சியை இருப்பதாகக் காட்டவல்லது. மெதுவான மாற்றங்கள் ஓங்கிய இரைச்சலும் மூன்று நான்கு சுற்றுகள்வரை ஒழுங்கான அலைபோலவே தோன்றும். பிளேசார்களில் அறிவிக்கப்பட்ட பல சுழற்சிகள் மேலும் சில ஆண்டுப் பதிவு சேர்ந்ததும் கரைந்துபோனதற்கு இவையே காரணம்.

இவ்வையங்களைக் கடந்து நிலைத்த முடிவுகளும் உண்டு. கோபால் கிருஷ்ணா, சி. எஸ். ஸ்டாலின், ராம் சாகர், பால் வீட்டா ஆகியோர் நைனிதாலின் 104 செ.மீ. தொலைநோக்கியைக்கொண்டு நடத்திய நெடிய ஆய்வில், ஒரே இரவுக்குள் ஒளிர்வு கணிசமாக மாறுவது பிளேசார்களில் மிகுதி, ரேடியோ வலிமையற்ற குவேசார்களில் அரிது என்பது உறுதியாயிற்று. இருவகையிலும் கருந்துளைகள் ஒத்த நிறையின. வேறுபடுவது தாரையும் அதன் திசையுமே. எனவே விரைவான துடிப்பு தாரைக்கு உரியது என்பதற்கு இது தெளிவான சான்று. லடாக்கின் ஹன்லேயில் ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹகார் தொகுதியும், 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கியும் இதே வினாவைக் காமாக் கதிரில் தொடர்வதற்கு ஏற்றவை. ஐரோப்பியத் தொலைநோக்கிகளுக்கு இரவு தொடங்குமுன்பே இங்கு இருள் சூழ்ந்துவிடுவதால், ஒரு பொலிவை இடையறாது பின்தொடரும் சங்கிலியில் இவை வேறெவரும் நிரப்ப முடியாத கண்ணி.

தொகுப்புரை

மேற்கண்டவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் மூன்று முடிவுகள் எட்டப்படுகின்றன. திரள்வட்டின் ஒளிர்வு மாற்றம் கருந்துளையின் நிறையைப் பின்பற்றுகிறது என்பது பத்து சூரிய நிறை முதல் நூறு கோடிச் சூரிய நிறை வரை போதிய அளவு நிறுவப்பட்டுவிட்டது. தாரையின் மெதுவான மாற்றம், வட்டிலிருந்து கைமாறி வருவதால், அதே போக்கைப் பின்பற்றுவதாகத் தெரிகிறது. ஆனால் டாப்ளர் காரணியின் ஐயமும் நடுத்தர நிறைகளின் பஞ்சமும் நீங்கும்வரை அதை விதியென்று கூறுவது அவசரமாகும். தாரையின் மிக விரைவான துடிப்போ கருந்துளையின் நிறையைப் பற்றி ஏதும் கூறுவதில்லை. தாரைக்குள் எங்கோ ஒரு சிறு பகுதி எவ்வளவு சிறியது என்பதை மட்டுமே அது கூறுகிறது.

ஆகையால், ஒரு பொலிவு நிமிடங்களில் அடங்கியதைக்கொண்டு கருந்துளை சிறியதென்று முடிவுசெய்யும் ஆய்வும், ஓர் இரட்டைப் பொலிவின் இடைவெளியைக்கொண்டு அது பெரியதென்று முடிவுசெய்யும் ஆய்வும், தாம் அளந்த காலம் வட்டினுடையதா தாரையினுடையதா என்பதை முதலில் நிறுவும் கடமையுடையவை. பல அலைநீளங்களில் ஒரே வேளையில் எடுத்த ஒளிவளைவும், அதனோடு சேர்ந்த தளவிளைவு அளவீடும் இல்லாத இடத்தில் அக்கடமையை நிறைவேற்ற வழியில்லை. வருங்காலக் கண்காணிப்புத் திட்டங்கள், மூலங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, சில மூலங்களை இவ்வாறு முழுமையாகப் பின்தொடர்வதற்கே முதலிடம் தரவேண்டும்.